கழுத்துக் குழாய்: போடுவது அரை மணி நேரம், காப்பது ஒவ்வொரு நாளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெரிய சாலையோரம் நின்றால் ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்குப் போகக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் இதே நேரத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனவர்கள், அல்லது அவர்கள் பெற்ற பிள்ளைகள். சிலருக்கு முன்கையில் கயிறு போலப் புடைத்த ரத்தக்குழாய். சிலருக்குச் சட்டைக் காலருக்குள் பாதி மறைந்த வெள்ளைக் கட்டு. அதன் அடியிலிருந்து சிவப்பும் நீலமுமாக இரண்டு சின்ன முனைகள் தொங்கும்.

நம் ஊர் மக்கள் அதைக் கழுத்து டியூப் என்பார்கள். வார்டில் சென்ட்ரல் லைன் என்போம். எழுத்தில் மையச் சிரைக் குழாய் என்று சொல்லலாம். கழுத்திலோ, கழுத்தின் அடியில் குறுக்காக ஓடும் காறை எலும்புக்குக் கீழோ தொடையிடுக்கிலோ நுழைந்து, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரைக்குள் போய் நிற்கும் குழாய் அது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் தாதியாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். கோயிலிலும் சந்தையிலும் என்னை நிறுத்தி, "மிஸி, இதோடு தலைக்குக் குளிக்கலாமா?", "இது எத்தனை மாதம் தாங்கும்?" என்று கேட்கிறவர்கள் பலர். குழாய் போட்ட அன்று அவர்களை யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை என்பது அந்தக் கேள்விகளிலேயே தெரிகிறது. அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கையில் ஒரு டிரிப் ஊசி போட்டால் போதாதா என்று முதலில் கேட்பார்கள். பல நேரம் போதும். போதாத நேரங்கள் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற ஒருவருக்கு, எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தூக்கி நிறுத்த நோர்அட்ரினலின் இடைவிடாமல் ஏற வேண்டும். ரத்தக்குழாய்களை இறுக்குவதுதான் அந்த மருந்தின் வேலை. கையின் மெல்லிய சிரையிலிருந்து அது கசிந்து சதைக்குள் இறங்கினால் அந்த இடத்துத் தோலும் சதையும் செத்துப்போகலாம். இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையில் ரத்தம் ஆறாக ஓடுகிறது. அங்கே விழுந்த மருந்து விழுந்த கணமே நீர்த்துவிடும். அடர்த்தியான பொட்டாசியம், சிரை வழியே ஏற்றும் ஊட்டச்சத்து, சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றுக்கும் இதே காரணம்தான்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் காரணம் வேறு. டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியே இழுத்து, சுத்தப்படுத்தித் திருப்பி அனுப்புகிறது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சாதாரணக் கைச் சிரை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

இதயத்தை நோக்கி ஒரு குழாயைச் செலுத்தலாம் என்பதை 1929-இல் தன் உடம்பிலேயே செய்து காட்டியவர் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் பயிற்சியில் இருந்த வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர். கைச் சிரை வழியாகக் குழாயைத் தள்ளிக்கொண்டே போய், அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, நுனி இதயத்துக்குள் நிற்பதைப் படமெடுத்தார். அன்று அவரைக் கண்டித்தார்கள். 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று வார்டில் நாம் பார்க்கும் முறை 1953-இல் ஸ்வீடன் நாட்டுக் கதிரியக்க மருத்துவர் ஸ்வென் இவார் செல்டிங்கர் வெளியிட்டது. முதலில் மெல்லிய ஊசி, ஊசிக்குள் வளையக்கூடிய ஒரு கம்பி, ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேலாகக் குழாய், கடைசியில் கம்பியை வெளியே எடுப்பது. அவ்வளவுதான். சொல்வதற்கு எளிது. அந்தக் கம்பியை ஒரு கணமும் கைவிடக் கூடாது. கவனம் சிதறினால் அது நோயாளியின் சிரைக்குள்ளேயே போய்விடும். அப்படிப் போன சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே வேலை முடிந்ததும், "கம்பி வெளியே வந்துவிட்டது" என்று செய்கிறவர் வாய்விட்டுச் சொல்ல, உதவிக்கு நிற்கிற தாதி அதைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்தும் வழக்கம் நல்ல வார்டுகளில் உண்டு.

எந்த இடத்தில் போடுவது என்பதில் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விடை கிடையாது. காறை எலும்புக்குக் கீழுள்ள சிரையில் கிருமித் தொற்றும் ரத்த உறைவும் குறைவு, ஆனால் ஊசி நுரையீரலின் உறையைக் குத்திக் காற்று கசியும் ஆபத்து அதிகம் என்று 2015-இல் வெளிவந்த பெரிய பிரெஞ்சு ஆய்வு காட்டியது. தீவிர சிகிச்சை நோயாளிக்கு அந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பார்கள். சிறுநீரக நோயாளிக்கோ அதே இடம் கூடுமான வரை தவிர்க்க வேண்டிய இடம். அங்கே குழாய் இருந்த சிரை பின்னர் தழும்பேறிச் சுருங்கினால், அந்தப் பக்கத்துக் கையில் வருங்காலத்தில் டயாலிசிஸுக்கு வழி அமைக்க முடியாமல் போகலாம். அவர்களுக்குக் கழுத்தின் வலது பக்கம்தான் முதல் தேர்வு; அங்கிருந்து இதயத்துக்கு நேர்க்கோடாக வழி போகிறது. தொடையிடுக்கு அவசரத்துக்கு உதவும். ஆனால் வியர்வையும் ஈரமும் சேரும் இடம் என்பதால் அங்கே போட்டதைச் சீக்கிரம் எடுத்துவிடப் பார்ப்பார்கள்.

கழுத்தில் போடும்போது கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்துவார்கள். நோயாளிகள் இதற்குப் பயந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். காரணத்தைச் சொன்னால் பயம் பாதி குறையும்: தலை தாழ்ந்தால் கழுத்துச் சிரை நிறைந்து பருக்கும், ஊசி சரியாக இறங்கும், வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படாது. இப்போது அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே குத்துவதால், பக்கத்தில் ஓடும் தமனியில் ஊசி தவறிப் படுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. பிறகு எக்ஸ்ரே எடுத்து, நுனி சரியான இடத்தில் நிற்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கிருமியின் கதைதான் நீளமானது. ரப்பர் மரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்குவது எளிது. பட்டையை அளவாகச் சீவினால் பால் வரும். கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் மரம் நோய்ப்படும். மனிதத் தோலும் ஒரு பட்டைதான். அதில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையை நாள்கணக்கில் திறந்தே வைத்திருக்கிறோம். கழுவாத மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், பால் சீக்கிரம் புளித்து உறைந்துபோவதும் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அது கிருமிகளின் வேலை. அதைத் தடுக்கத்தான் வாளியில் சில துளி அமோனியா விடுவார்கள். டயாலிசிஸ் முடிந்ததும் கழுத்துக் குழாய்க்குள் ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் நிரப்பி மூடுவதும் அதே எண்ணத்தில்தான். அடுத்த முறை அந்த ஹெப்பாரினை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டே இயந்திரத்தில் இணைப்பார்கள்.

கிருமி நுழைய இரண்டு வழிகள். முதல் சில நாட்களில் அது பெரும்பாலும் குத்திய இடத்துத் தோலிலிருந்து குழாயின் வெளிப்பக்கமாக ஊர்ந்து இறங்கும். நாட்கள் ஏற ஏற, மருந்து ஏற்றவும் ரத்தம் எடுக்கவும் திறக்கிற முனை வழியாக உட்பக்கமாகப் போகும். இரண்டாவது வழியில் கிருமியைக் கொண்டுவருவது பெரும்பாலும் நம் கைதான். உள்ளே போனதும் அது குழாய்ச் சுவரில் ஒட்டி, பிசுபிசுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். பாசி படிந்த குளத்துக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாட்டிக் எளிதில் புகாது. மருந்து கொடுத்ததும் காய்ச்சல் விடும், நிறுத்தியதும் திரும்பும். அதனால்தான் பல நேரம் குழாயையே எடுக்க வேண்டியிருக்கிறது.

இதைத் தடுக்க முடியாது, சென்ட்ரல் லைன் என்றால் சிலருக்குத் தொற்று வரத்தான் செய்யும் என்று நான் பயிற்சி பெற்ற காலத்தில் எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கையை உடைத்தது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் புரோனவோஸ்ட் குழுவினர் செய்த வேலை. 2006 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் கணக்கு இருக்கிறது. புதிய மருந்தோ புதிய கருவியோ அவர்கள் கேட்கவில்லை. கையைக் கழுவு, தொப்பி, முகக்கவசம், கிருமி நீக்கிய அங்கி, கையுறை அணிந்து நோயாளியைத் தலை முதல் கால் வரை துணியால் மூடு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடை, முடிந்தவரை தொடையிடுக்கைத் தவிர், தேவையில்லாத குழாயை எடுத்துவிடு. இந்த ஐந்துதான். ஒன்று விட்டுப்போனாலும் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை தாதிக்குக் கொடுக்கப்பட்டது. ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆக இறங்கியது.

தாதி மருத்துவரை நிறுத்தலாம் என்ற அந்த ஒரு வரி எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது. தோட்டத்தில் டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் சொன்னதே வேதவாக்காக இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவரிடம், "டாக்டர், உங்கள் கையுறை கட்டில் கம்பியில் பட்டுவிட்டது, மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. சொன்னபோது பெரும்பாலானவர்கள் நன்றி சொல்லி மாற்றிக்கொண்டார்கள்.

குளோர்ஹெக்சிடின் தடவியதும் அரை நிமிடமாவது அது தானாகக் காய வேண்டும். விசிறக் கூடாது, துணியால் ஒற்றவும் கூடாது. காயும்போதுதான் அது வேலை செய்கிறது. பிறகு வார்டில் தினசரிக் காவல். முனையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, அதன் பிறகே ஊசியை இணைக்க வேண்டும். ஒளி ஊடுருவும் கட்டு ஏழு நாட்கள் வரை இருக்கலாம். காஸ் துணிக் கட்டை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நனைந்தாலும் ரத்தம் படிந்தாலும் ஓரம் கிளம்பினாலும் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். நம் நாட்டு வெக்கையில் கடைசி விதிதான் அதிகம் பயன்படும். குளிர் நாட்டுப் புத்தகத்தில் ஏழு நாள் என்று எழுதியிருப்பது, வியர்த்து வழியும் கழுத்தில் மூன்று நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்காது.

ஐந்தாவது விதியான 'தேவையில்லாததை எடுத்துவிடு' என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். நானும் மறந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், நிமோனியாவால் வந்த பெரியவர் ஒருவர் தேறிவிட்டார். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். மருந்தெல்லாம் மாத்திரையாகிவிட்டது. தீபாவளி விடுமுறை. நாளைக்கு எதற்காவது வேண்டியிருக்கலாம் என்று கழுத்துக் குழாயை அப்படியே விட்டார்கள். மூன்று நாள் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் நாங்கள் அதைச் சலைனால் அலசி, எழுதி, கையெழுத்துப் போட்டோம். இது இன்னும் எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான்காம் நாள் அவருக்குக் கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம். ரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்திருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் இன்னும் இரண்டு வாரங்களுக்கு மேல் படுத்தார். அதன் பிறகு காலைச் சுற்றில் என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருந்தது: இந்தக் குழாய் இன்று வேண்டுமா? நோயாளியின் மகளோ மகனோ அதே கேள்வியைக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் ஊரைப் பொறுத்தவரை இந்த விஷயம் வார்டோடு முடிவதில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே மிக அதிகம். புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இனிப்பு நீரே காரணம். இவர்களில் பலர் மூச்சு வாங்கி, கால் வீங்கி, கடைசி நேரத்தில் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். அப்போது கழுத்துக் குழாயைத் தவிர வழியில்லை. சிலர் அந்தக் குழாயோடே தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கோ பழைய தோட்டத்து லயத்துக்கோ திரும்புகிறார்கள். அங்கே தாதி கிடையாது. மனைவியும் பிள்ளைகளும்தான்.

ஆகவே குளிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கழுத்துக்குக் கீழே ஊற்றிக் குளிக்கலாம், தொட்டியிலோ ஆற்றிலோ அருவியிலோ இறங்கக் கூடாது. தலைமுடியை வேறொருவர் பின்பக்கமாகச் சாய்த்துக் கழுவிவிட வேண்டும். கட்டின் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. நனைந்துவிட்டால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காமல் அன்றே மையத்துக்குப் போய்க் கட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். முனைகளின் மூடியை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. வேறு கிளினிக்கில் ரத்தம் எடுக்கவோ மருந்து ஏற்றவோ அதைத் தொட முயன்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உயிர் போகிற அவசரம் தவிர அது டயாலிசிஸுக்கு மட்டுமே உரியது. மையத்தில் மூடியைத் திறக்கும்போது தாதியும் நோயாளியும் இருவருமே முகக்கவசம் அணிய வேண்டும்.

மஞ்சள் பூசுவது, வேப்பிலை அரைத்துப் போடுவது, தைலம் தடவுவது எல்லாம் அன்பால் செய்வதுதான். ஆனால் அந்த இடத்தில் வேண்டாம். பவுடரும் வேண்டாம். திருநீறு நெற்றியோடு நிற்கட்டும். பெண்களுக்குத் தாலிக்கொடி ஒரு சிக்கல். அது குழாயின் கட்டின் மேல் உரசிக்கொண்டே இருக்கும், மஞ்சள் கயிறாக இருந்தால் ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும். ஓர் அக்கா அதைக் குழாய் இருக்கும் வரை சுவாமி அறையில் கழற்றி வைத்தார். இன்னொருவர் மனம் ஒப்பாமல், குழாயில் படாதபடி ரவிக்கையின் இடப்பக்கம் ஊசியால் குத்திக்கொண்டார். எது அவரவர்க்குச் சரி என்று நான் சொல்லப் போவதில்லை. கட்டின் மேல் படாமல் இருந்தால் போதும். தலைக்கு மேலே மாட்டும் பனியனை விட, முன்னால் பட்டன் வைத்த சட்டை நல்லது. குழாய் இழுபட்டுப் பாதி வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ளவே கூடாது. முழுதாக விழுந்துவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, படுக்க வைத்து, அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

ஒரே ஒரு அறிகுறியை நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது நடுக்கம். டயாலிசிஸ் தொடங்கிச் சிறிது நேரத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், குழாய்க்குள் படிந்த கிருமி ரத்தத்தோடு அடித்துச் செல்லப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பனடோல் மாத்திரை போட்டுப் போர்த்திப் படுத்தால் அது அடங்கியது போலத் தெரியும். அப்படி ஓர் இரவு காத்திருந்து மறுநாள் சுயநினைவின்றி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். வெளியே சிவப்போ சீழோ இல்லாமலேயே உள்ளே தொற்று இருக்கலாம்.

இத்தனை காவலும் தற்காலிகமாகத்தான். கழுத்தில் நேரடியாகப் போடும் தற்காலிக டயாலிசிஸ் குழாய் சுமார் இரண்டு வாரத்துக்கு உரியது. பெர்ம்கேத் என்ற மற்றொரு வகை, தோலுக்கு அடியில் சிறிது தூரம் சுரங்கம் போல ஓடிப் பிறகு சிரைக்குள் போகும். அதில் உள்ள ஒரு துணிப்பட்டையைச் சதை வளர்ந்து பற்றிக்கொள்வதால் கிருமிக்குத் தடை கிடைக்கிறது. அது மாதக்கணக்கில் இருக்கும். ஆனால் பெயரில் நிரந்தரம் இருப்பதால் பலர் அதை நிரந்தரத் தீர்வாக நினைத்துவிடுகிறார்கள்.

கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் ஃபிஸ்டுலா 1966-இல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ குழுவினரால் அறிமுகமானது. இன்றும் அதைவிடத் தொற்றுக் குறைந்த வழி இல்லை. வெளியே எதுவும் தொங்காது, குளிக்கத் தடையில்லை. அது முதிர்ந்து ஊசி தாங்க ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அதனால்தான் சிறுநீரகம் முழுதாகக் கைவிடுவதற்கு முன்பே செய்துகொள்ளச் சொல்கிறார்கள். நம்மவர்கள் தள்ளிப்போடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. கையை வெட்டிவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம். குலை தூக்கிப் பிழைத்தவருக்கு அந்தப் பயம் நியாயமானது. அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது என்பது உண்மைதான். ஆகவே பெரும்பாலும் அதிகம் பயன்படாத கையில்தான் செய்வார்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ, இறுக்கமான வளையல் போடவோ, ரத்தம் எடுக்கவோ விடக் கூடாது. சிறுநீரகம் பழுதாகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே அதிகம் பயன்படாத முன்கையின் சிரைகளைக் காப்பாற்றி வைப்பது நல்லது. காலையில் எழுந்ததும் ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்துப் பார்த்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் அன்றே ஓட வேண்டும்.

ஃபிஸ்டுலா வேலை செய்யத் தொடங்கியதும் கழுத்துக் குழாயை எடுப்பார்கள். அதைப் போட்டதை விட எளிது என்று எண்ணி அவசரப்படுகிற இடமும் இதுதான். உட்கார்ந்த நிலையில் உருவினால், ஒரு மூச்சு இழுப்பில் காற்று சிரைக்குள் புகுந்து உயிரையே எடுத்துவிடலாம். நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உருவி, ரத்தம் நிற்கும் வரை அழுத்தி, காற்றுப் புகாத கட்டுப் போட்டு, அரை மணி நேரம் படுத்தே இருக்கச் சொல்ல வேண்டும். பெர்ம்கேத்தாக இருந்தால் சதை பற்றிய பட்டையை மருத்துவர் பிரித்தெடுக்க வேண்டும், இழுத்தால் வராது. தாலியைக் கழற்றி வைத்திருந்த அந்த அக்கா, கட்டுப் போட்ட உடனே எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பப் பார்த்தார். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, படுத்திருங்கள் என்று தோளைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.